பதினோராவது வாக்கியம்

எங்கள் அண்ணன் மகளை அந்தத் தெருவில் எல்லோரும் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் வேலை பார்த்ததில்லை. வீட்டின் நடு அறையில் நாலு பெஞ்சைப் போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளை உட்கார வைத்து இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுப்பாள். அதிலும் ஒரு பாடத்துக்கு அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பெயர். ஒருவர் நேரே சொன்ன பேச்சை, 'அவர் இப்படிச் சொன்னார்' என்று இன்னொருவரிடம் எடுத்துச் சொல்கிற மாதிரி மாற்றி எழுதுகிற பாடம். நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவது. வேறு இடத்தில் டியூஷன் படிக்கிற பிள்ளைகள்கூட அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் இரண்டு வாரம் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குப் புரிகிற மாதிரி அவள் ஒரு நாள் சொன்னாள்.

"சொன்னவர் 'நான்'னு சொல்லியிருந்தா நாம 'அவர்'னு மாத்தணும் அத்தை. 'இங்க' இருந்தா 'அங்க' ஆயிடும். 'இன்னிக்கு' இருந்தா 'அன்னிக்கு' ஆயிடும். எல்லாத்தையும் ஒரு அடி தள்ளி வைக்கணும். அவ்வளவுதான்."

அவளுக்கு இது புத்தகத்திலிருந்து வந்த கெட்டிக்காரத்தனம் இல்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து அந்த வீட்டில் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையே அதுதான்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னறை, நடு அறை, சமையலறை, மூன்றும் ஒரே வரிசை. முன்னறையில் வயர் நாற்காலியில் என் அண்ணன். சமையலறையில் அண்ணி. ஒரே கூரைக்குக் கீழே பத்தொன்பது வருஷம் அவர்கள் இரண்டு பேரும் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அது எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும், நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அண்ணிக்கு ஒரே ஒரு தம்பி, வெளியூரில். ரொம்ப மோசமாகிவிட்டது, அக்காவை உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள் என்று ஒரு மத்தியானம் போன் வந்தது. எடுத்தவர் அண்ணன். அண்ணி அன்றைக்குக் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தாள். பதறிப்போவாளே என்று, தம்பிக்குக் கொஞ்சம் முடியவில்லையாம், நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தணித்துச் சொல்லிவிட்டார். மறுநாள் போனபோது பார்க்கத்தான் தம்பி இருந்தான், பேச இல்லை. கண் மூடுகிற வரை அக்கா வந்தாச்சா, அக்கா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

திரும்பி வந்து நடு அறையில் நின்றுகொண்டு அண்ணி சொன்னாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"'உடனே'ன்னு வந்தத 'நாளைக்கு'ன்னு மாத்தினீங்க. இனிமே உங்க வாயிலருந்து எனக்கு நேரா ஒரு சொல்லு வரக்கூடாது."

அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். அவருக்கு ஒன்று மேலே போகும் அல்லது கீழே வரும், நடுவில் நிற்பது என்றால் கோளாறு. வரக்கூடாது என்றால் வராது என்று அன்றோடு வாயை மூடிக்கொண்டார். நடுவில் நின்றது மகள்தான்.

முதலில் கேட்டதைக் கேட்டபடிதான் கொண்டு போனாள். இரண்டே மாதத்தில் வீடு போர்க்களமாகிவிட்டது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தட்டிக் கொட்டிக் கொடுக்கப் பழகிக்கொண்டாள். "அந்த மகாராணிக்குக் காது இருக்கா இல்லையா, குக்கர் எவ்வளவு நேரமா கத்துது" என்று முன்னறையில் கிளம்புகிற பேச்சு, சமையலறைக்குப் போய்ச் சேரும்போது, குக்கர் விசில் வந்துவிட்டதா என்று அப்பா கேட்கிறார் என்றாகிவிடும். எழுத்து தெரியாத கண்ணுக்குப் பேப்பர் ஒரு கேடா என்று அங்கிருந்து வருவது, உங்கள் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று அம்மா சொல்கிறார்கள் என்று இங்கே வந்து இறங்கும். இவருக்கு அவள் கொஞ்சம் இளகிவிட்டாள் என்று நினைப்பு. அவளுக்கு இவர் கொஞ்சம் திருந்திவிட்டார் என்று நினைப்பு. இரண்டு பேரும் தங்கள் கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

மகளுக்கு மூன்று இடத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். மூன்றையும் அவளே தட்டிக்கழித்தாள். ஏனடி என்று நான் பிடித்துக் கேட்டதற்கு, நான் போய்விட்டால் இந்த வீட்டில் யார் பேசுவது அத்தை என்று சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அண்ணன் இறந்துபோன நாளில் நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

சில மாதமாக அவருக்கு நெஞ்சில் தொந்தரவு. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து இருபதுக்கு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, முன்னறையிலிருந்து கையைத் தட்டி மகளைக் கூப்பிட்டார். அவள் போனாள்.

"அவளக் கூப்பிடு. நான் நேரா பேசணும்" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. இவள் நடு அறை வழியாகச் சமையலறைக்கு நடந்தாள். பெஞ்சில் பதினோரு பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நேருக்கு நேர் நின்றால் என்ன வெடிக்குமோ, அப்பாவுக்கு இருக்கிற நெஞ்சுக்கு அது தாங்குமா, பிள்ளைகள் முன்னால் மானம் போகுமே, வகுப்பு முடியட்டும், ஆறரைக்கு மேல் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தப் பதினாலு எட்டுக்குள் அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. சமையலறை வாசலில் நின்று, "அப்பா நல்லா இருக்காராம்மா. உங்கள நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாரு" என்றாள். அவரா சொன்னார் என்று அண்ணி ஆச்சரியமாகக் கேட்டாளாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு லேசாகச் சிரித்தாளாம். இவள் அந்தப் பக்கம் போய், அம்மா கைவேலையை முடித்துவிட்டு வருகிறார்களாம் என்றாள்.

ஆறரைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தபோது அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தார். கண் நடு அறைக் கதவைப் பார்த்துத் திறந்திருந்தது.

அப்பா செய்த அதே காரியத்தை மகளும் செய்துவிட்டாள். அந்த வீட்டில் மன்னிப்பே இல்லாத குற்றம் அது ஒன்றுதான். கடைசியாக என்ன சொன்னார் என்று அண்ணி கேட்டபோதும், உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார் என்றே இவள் சொன்னாள். அண்ணி அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தேறினாள். இது வெளியே வந்தால் அம்மா என்னிடமும் பேச்சை நிறுத்திவிடுவாள் என்கிற பயத்தை வைத்துக்கொண்டு மகள் ஒடுங்கினாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நான் மட்டும் தங்கினேன். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நான் நடு அறை பெஞ்சில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து அண்ணி குரல் சாதாரணமாக வந்தது.

"அப்பா டீ குடிக்கிறாரான்னு கேளு."

என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. டீச்சர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் எழுந்து முன்னறைக்குள் போனாள். ஒரு பதில் கேட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உள்ளே நின்றாள். திரும்பி நடந்து வந்து, இப்போது வேண்டாமாம் என்றாள். அண்ணி இரண்டாவது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

என்னடி கூத்து இது என்று அவளைத் தனியாக இழுத்துக் கேட்டேன். கால் பழக்கத்தில் எழுந்துவிட்டது, அப்பா இல்லையே அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை என்றாள். நானும் விட்டுவிட்டேன். வயசான மனுஷி நாலு நாள் கேட்டுவிட்டு ஓய்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அண்ணி ஓயவில்லை. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேள். சட்டையை இஸ்திரிக்குப் போடட்டுமா என்று கேள். ஒவ்வொன்றுக்கும் மகள் போய் நின்று, வாசற்படியிலேயே ஒரு பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள். அப்பா எப்படிச் சொல்வார் என்பது அவளுக்கு அத்துப்படி. பத்தொன்பது வருஷத் தொழில்.

அப்புறம் மீட்டர் பார்க்கிற ஆள் வந்தான். பெட்டி பூட்டியிருந்தது. சாவி எங்கே வைத்தார் என்று அப்பாவைக் கேள் என்றாள் அண்ணி. ஞாபகம் இல்லையாம் என்று சொல்லிவிடுவது என்று என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டுத்தான் டீச்சர் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் நடை வேறு மாதிரி இருந்தது. விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தளும்பாமல் கொண்டு வருகிறவள் நடக்கிற நடை.

"சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால ஆணியில மாட்டியிருக்காராம்" என்றாள்.

கடிகாரத்தை எடுத்தோம். சாவி ஆணியில் தொங்கியது.

எப்போதோ நீ பார்த்திருப்பாய் என்றேன் நான். பார்த்திருப்பேன் என்றாள் அவள். இரண்டு பேரும் கொஞ்சம் அவசரமாகவே ஒத்துக்கொண்டோம்.

அதற்கு மூன்றாம் நாள் அண்ணிக்கு முழங்கால் வலி. தைலம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவரச் சொன்னாள். மகள் போனாள், நின்றாள், வந்தாள்.

"பதினேழுக்கு முட்டி வலிக்காம வேற என்ன வலிக்கும்னு சிரிக்கிறாரு. அலமாரி மேல் தட்டுல இருக்காம்."

அண்ணியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னவளுக்கே புரியவில்லை. என்ன பதினேழு அம்மா என்று அவள்தான் கேட்டாள்.

அண்ணி தரையில் உட்கார்ந்து சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்களாம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைத்தவர் குடியிருந்த இடத்தில் லிஃப்ட் கிடையாது, செங்குத்தான மரப்படி. அண்ணிக்கு அப்போதே முழங்கால் சரியில்லை. ஏறும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுவாளாம். மொத்தம் பதினேழு. வேலை முடிந்து வந்து படுத்திருக்கிறவர், எண்ணிக்கை மேலே வர வர எழுந்து கதவைத் திறப்பாராம். அந்த ஒரு வருஷம் அவளைப் 'பதினேழு' என்றுதான் கூப்பிட்டாராம். மகள் பிறந்ததே அந்த வீட்டை விட்டு வந்த பிறகுதான்.

"இந்தப் பேர நான் செத்துப்போன என் தம்பிகிட்டகூடச் சொன்னதில்ல" என்றாள். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்து, "அவரு சொன்னத அப்படியே சொன்னியா? எதையும் மாத்தலையே?" என்று கேட்டாள்.

"மாத்தலம்மா."

அன்றைக்கு அவள் சொன்னது சத்தியமான உண்மை. அதனால்தான் அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது, நான் பிடித்துப் பார்த்தேன். நான் உள்ளே போய் எதுவும் கேட்கவில்லை அத்தை, சும்மா நின்றேன், திரும்பினேன், நடு அறைக்கு வரும்போது அது வாயில் இருந்தது என்றாள்.

அதிலிருந்து அண்ணிக்கு ஒரு தெம்பு. தலையை வழித்து வாரிக்கொண்டாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், ஒரு நாளைக்கு ஐம்பது கேள்வி அனுப்பினாள். மகளுக்குத்தான் அந்தப் பதினாலு எட்டு நடக்க நடக்க நீண்டுகொண்டே போயிற்று. அவள் முன்னறையை விட்டு வெளியே கால் வைக்கிற நேரத்தில் அந்த வயர் நாற்காலி ஒரு முறை முனகும். பேசி முடித்த மனுஷன் பின்னால் சாய்ந்தால் வருமே, அந்தச் சத்தம். எனக்கும் கேட்டது. வெயிலுக்கு வயர் தளர்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேகம் மூடிய நாளிலும் அது முனகியது.

அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தாள். அதே பாடம்தான். பத்து வாக்கியம் வாசிப்பாள், பிள்ளைகள் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் தாள்களைத் திருத்த உட்கார்ந்தவள், அத்தை என்று கூப்பிட்டாள். குரல் சரியில்லை. நான் போனேன். பதினோரு தாளையும் பெஞ்சின் மேல் பரப்பி வைத்திருந்தாள்.

"நான் பத்துதான் சொன்னேன். எல்லாத் தாள்லயும் பதினொண்ணு இருக்கு."

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். எண்ணினேன். பதினொன்றுதான். கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவளைக் கூப்பிடும்படியும், அவளோடு தாம் நேரே பேச வேண்டும் என்றும் தந்தை சொன்னார் என்று பத்துப் பிள்ளைகள் மாற்றி எழுதியிருந்தார்களாம். கையெழுத்துதான் வேறு வேறு. ஒரு தாளில் மட்டும் மாற்றவில்லை. அது எந்நேரமும் கண் பாதி மூடியபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், மற்ற பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் அரைத்தூக்கம். மாற்றத் தெரியாமல், காதில் விழுந்ததை அப்படியே இரண்டு பக்கமும் மேற்கோள் கோடு போட்டு எழுதிவிட்டுப் போயிருந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் டீச்சர் கேட்டாள். நீங்கள்தான் வாசித்தீர்கள் மிஸ் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அரைத்தூக்கம் மட்டும் ஒன்று கூடுதலாகச் சொன்னது.

"பத்து வரைக்கும் உங்க குரல்ல சொன்னீங்க மிஸ். கடைசி மட்டும் வேற யாரோ குரல். அதனாலதான் அத எப்படி மாத்துறதுன்னு எனக்குத் தெரியல."

அன்றைக்குத்தான் டீச்சர் என் மடியில் தலையை வைத்து, ஐந்து இருபதுக்கு நடந்ததை முழுக்கச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லிவிடு என்றேன்.

"சொன்னா என்கிட்டயும் பேச மாட்டாங்க அத்தை. எனக்கு இருக்கறது அவங்க ஒருத்திதான். இவ்வளவு வருஷம் ரெண்டு பேருக்கும் நான் பேசிட்டேன். எனக்காக யாரு போய்ப் பேசுவா?"

அடுத்த நாளிலிருந்து முன்னறையில் பதில் நின்றுவிட்டது. அண்ணி அனுப்பினாள், இவள் போனாள், நின்றாள், வெறுங்கையோடு வந்தாள். முன்பு மாதிரி தானாகவே ஒரு பதிலைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் நாக்கு எழும்பவில்லையாம். ஒன்றும் சொல்லவில்லை அம்மா என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. நாற்காலியும் முனகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அதன் வயர் உட்கார்ந்த மாதிரியே பள்ளமாக இருந்தது. பக்கத்தில் போனால் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அறை மாதிரி இருந்தது. நான் உள்ளே ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை.

என்மேல் கோபமா என்று கேள் என்று அண்ணி அனுப்பினாள். என்ன தப்பு செய்தேன் என்று கேள் என்று அனுப்பினாள். பதில் இல்லை. இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"கடைசியா நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவரு. இப்ப சாப்பிட்டாளான்னுகூட ஒரு வார்த்தை கேக்கலையே."

அதற்கு மேல் டீச்சரால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அரைத்தூக்கத்தின் தாளை எடுத்து வந்து அம்மா முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். தாளைப் பார்த்தபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அப்பா சொன்னது, 'அவளக் கூப்பிடு. நான் நேரா பேசணும்.' நான் உங்ககிட்ட வந்து சொன்னது, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாருன்னு. வகுப்பு முடியட்டும்னு இருந்துட்டேன்மா."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து அதை அணைத்தாள். கையைத் துடைத்தாள். மகள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"சின்னவளே, அது எத்தனை மணிக்குன்னு அவகிட்ட கேளு."

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் கேட்ட குரல் அது. நான் மகள் பக்கம் திரும்பினேன். ஐந்து இருபது என்றாள். நான் அண்ணி பக்கம் திரும்பி ஐந்து இருபதாம் என்றேன். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து அடிக்கப் போகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அண்ணி முகத்தைக் கழுவினாள், தலையை ஒதுக்கிக்கொண்டாள், சரியாக ஐந்து இருபதுக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

பிறகு நடந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே, பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன எட்டாக. வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. மகளுக்குப் பதினாலு எட்டு வருகிற தூரம் அவளுக்கு அதோடு முடியவில்லை. பதினஞ்சு. பதினாறு. முன்னறை வாசற்படியில் கால் வைத்தபோது பதினேழு.

உள்ளே நாற்காலி முனகியது. சாய்கிற சத்தம் எனக்குப் பழகியிருந்தது. இது எழுந்திருக்கிற சத்தம்.

அண்ணி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் சாத்தினாளா என்று கேட்காதீர்கள், நான் பார்த்தவரையில் அவள் கை இரண்டும் முழங்கால் மேல் இருந்தது.

டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி போர்டு முன்னால் நின்றாள். கதவுக்குப் பின்னால் அண்ணி பேசுவது முணுமுணுவென்று கேட்டது. சொல் விளங்கவில்லை. அவள் பேசுவாள், நிற்கும். ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்கும். மறுபடி பேசுவாள். ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை தம்பி பெயரைச் சொன்னாள், அது மட்டும் தெளிவாகக் கேட்டது, அதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தலையைத் தூக்கவில்லை. அரைத்தூக்கம் மட்டும் இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறரைக்கு அண்ணி வெளியே வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து தட்டை வைக்கச் சொன்னாள். போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு என்னைப் பார்த்தாள். மகள் எனக்குப் பின்னால் நின்றாள்.

"அவகிட்ட சொல்லு. அவ அப்பாவுக்கு அவமேல கோவம் இல்லையாம்."

நான் திரும்பி அப்படியே சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு, என்று மெதுவாகக் கேட்டாள். நான் அண்ணி பக்கம் திரும்பினேன்.

"எனக்கு இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும்னு சொல்லு."

சீக்கிரம் சரியாகிவிடுமாம் என்று சொல்லிவிடத்தான் என் நாக்கு துடித்தது. ஒரு சொல்லை மாற்றினால் போதும், அந்தப் பெண் அன்றைக்காவது தூங்குவாள். முன்னறைக் கதவைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷமும் அவள் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இருக்காம். கொஞ்ச நாள் இருக்குமாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். யாரோ தனக்கு முதல் தடவையாக ஒரு பொருளை உடைக்காமல் கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

ஒரு மாதத்துக்கு என்று வந்தவள் அதற்கு மேலும் இருந்தேன். விளக்குமாறு எங்கே என்று அவளைக் கேள், சோப்பு தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்று இரண்டு பக்கமும் சுமந்தேன். எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை, எண்ணுகிற பழக்கம் அண்ணிக்குத்தான். ஒரு சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து ஒரு குரல்.

"ஏய், லைட்டப் போடு. கண்ணு தெரியல எனக்கு."

நடுவில் யாரும் இல்லை. டீச்சர் ஓடிய ஓட்டத்தில் பெஞ்சில் முட்டிக்கொண்டு ஒரு வாரம் நொண்டினாள். தாயும் மகளும் ஒரே தைலத்தைப் போட்டுக்கொண்டார்கள். நான் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

வகுப்பு இப்போதும் நடக்கிறது. ஐந்து இருபதுக்கு அண்ணி எண்ணிக்கொண்டே முன்னறைக்குப் போவாள், கதவு சாத்திக்கொள்ளும். அப்பா என்ன சொன்னார் என்று மகள் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அது எங்களுக்குள்ள, உனக்கெதுக்கு என்று அண்ணி முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டாளாம். இதைச் சொல்லும்போது டீச்சர் அப்படிச் சிரித்தாள். இந்த வயதில் முதல் தடவையாக அவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியவில்லை அத்தை, தோள் லேசாக இருக்கிறது என்றாள்.

போன மாதம் நான் போயிருந்தபோது அந்தப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. வாசித்து முடித்ததும் எத்தனை எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிச் சொல்லச் சொல்வது இப்போது அவள் வழக்கம். பத்து மிஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அரைத்தூக்கம் எழுந்து நின்றது. சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டது.

"பத்து மிஸ். பதினொண்ணாவது உள்ள பாட்டிக்குச் சொன்னது. நமக்கில்லன்னு நான் எழுதல."